ஆளைத் தெரியாது, நேரம் தெரியும்

2021 தீபாவளி சமயத்தில் கேட்பரி நிறுவனம் ஷாருக் கானை வைத்து ஒரு விளம்பரம் விட்டது. பண்டிகைக்குத் துணி இந்தக் கடையில் எடுங்கள், செருப்பு அந்தக் கடையில் வாங்குங்கள் என்று கடைப் பெயர்களை அவர் சொல்லிக்கொண்டே போவார். எல்லாம் கொரோனாவில் அடிபட்ட சின்னச் சின்னக் கடைகள். விசேஷம் என்னவென்றால், பார்ப்பவர் இருக்கும் பகுதிக்கு ஏற்ப அந்தக் கடைப் பெயர்கள் மாறின. ஒரு பேட்டையில் இருப்பவர் கேட்ட பெயர் அடுத்த ஊர்க்காரருக்குக் கேட்கவில்லை. அவரவர் தெருமுனைக் கடையின் பெயரை பாலிவுட்டின் உச்ச நட்சத்திரம் உச்சரித்தார்.

உண்மையில் அவர் உச்சரிக்கவில்லை. அவருடைய முகத்தையும் குரலையும் கற்றுக்கொண்ட ஒரு மென்பொருள் அவர் வாயை அசைத்து அந்தப் பெயர்களைச் சொல்ல வைத்தது. செய்தது ரீஃப்ரேஸ் ஏஐ என்ற பெங்களூரு நிறுவனம். யோசனை ஓகில்வி விளம்பர நிறுவனத்துடையது. கடைக்காரர்கள் ஓர் இணையதளத்தில் தங்கள் கடையின் பெயரைக் கொடுத்து, ஷாருக் நடித்த சொந்த விளம்பரத்தையே தயாரித்துக்கொள்ளவும் வழி இருந்தது. 2022 கான் (Cannes) விளம்பர விழாவில் டைட்டானியம் விருது வாங்கிய அந்த முயற்சியை, ஆளுக்கு ஏற்ற விளம்பரத்தின் உச்சம் என்று மார்க்கெட்டிங் உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால், அந்த விளம்பரத்துக்கு உங்களைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது. அதாவது, ஒரு பின்கோடு. பெயர், வயது, சம்பளம், நேற்று இரவு எதைத் தேடினீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையே படவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால், சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், சரியான செய்தி என்பதுதான் இந்தத் தொழிலின் தாரக மந்திரம். மூன்றையும் செய்து காட்டுவதாகச் சொல்லித்தான் நம் பின்னால் இத்தனை கண்காணிப்பு ஓடுகிறது. நடந்ததைப் பார்த்தால், இந்த மூன்றில் உருப்படியாகக் கைகூடியது நடுவில் இருப்பது மட்டும்தான்.

பத்தில் ஒரு நொடியில் ஓர் ஏலம்

மதுரையில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். மத்தியான இடைவேளையில் போனை எடுத்து ஒரு ஜவுளித் தளத்தில் சுங்குடிச் சேலை பார்க்கிறார். மெரூன் நிறம், 1,450 ரூபாய். கூடையில் போடுகிறார். மணி அடிக்கிறது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்.

அந்தக் கடையின் மென்பொருளில் அவர் இப்போது ஒரு 'கார்ட் அபாண்டனர்'. கூடையை அம்போவென்று விட்டுப் போனவர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாளெல்லாம் பேசும் வார்த்தைகளில் இது ஒன்று. அவரை ஒரு 'செக்மென்ட்'டில் சேர்ப்பார்கள். கூடையை விட்டதே ஒரு 'ட்ரிகர்'. அதிலிருந்து அவருக்கென ஒரு 'ஜர்னி' தொடங்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு புஷ் அறிவிப்பு, மறுநாள் ஒரு வாட்ஸ்அப், மூன்றாம் நாள் தள்ளுபடிக் கூப்பன். மோஎங்கேஜ், கிளெவர்டேப், வெப்எங்கேஜ் என்று இதற்கான கருவிகளை விற்கும் பெரிய நிறுவனங்கள் பல நம் நாட்டிலேயே பிறந்தவை. சென்னையின் ஸோஹோவிடமும் ஃப்ரெஷ்வொர்க்ஸிடமும்கூட இந்தச் சரக்கு உண்டு.

சாயங்காலம் ஆசிரியை ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார். பக்கத்தின் எழுத்துகள் திரைக்கு வருவதற்கு முன்பே, காலியாக இருக்கும் விளம்பரக் கட்டத்துக்காக ஒரு கோரிக்கைச் சீட்டு கிளம்புகிறது. எந்தப் பக்கம், என்ன போன், எந்த மென்பொருள் பதிப்பு, ஏறத்தாழ எந்த ஊர், கட்டத்தின் அளவு என்ன, இந்தப் போனின் விளம்பர அடையாள எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பதில் சொல்ல எத்தனை மில்லிநொடி அவகாசம் என்பதற்கே அந்தச் சீட்டில் 'டிமேக்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. வழக்கமாக அது 100 மில்லிநொடிக்குப் பக்கத்தில் இருக்கும். பத்தில் ஒரு நொடி.

காசிமேட்டு மீன் ஏலம் போலத்தான். கூவுகிறவர்கள் இயந்திரங்கள், கூடையில் இருப்பது ஆசிரியையின் ஒரு நொடிப் பார்வை என்பதுதான் வித்தியாசம். ஒரு பைக் கம்பெனி ஒரு விலை சொல்கிறது, ஒரு காப்பீட்டுக் கம்பெனி இன்னொன்று. ஜவுளிக் கடையின் சார்பாக நிற்கும் இயந்திரம், இந்த அடையாள எண் மத்தியானம் நம் கூடையை விட்டுப் போனது என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் மேலே கேட்கிறது. ஜெயிக்கிறது.

ஜெயித்த பிறகுதான் விளம்பரமே உருவாகிறது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத விஷயம். முன்கூட்டியே யாரும் அதை வரைந்து வைக்கவில்லை. பின்னணி ஓரிடத்தில், சேலையின் படம் ஓரிடத்தில், விலையும் இருப்பும் கடையின் கணக்கில், வாசகங்கள் ஒரு பட்டியலில் என்று எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. அந்தக் கணத்தில் பொறுக்கிக் கோக்கப்படுகின்றன. மெரூன் சுங்குடி, 1,450 ரூபாய், 'இன்னும் 2 மட்டுமே', ஒரு பச்சைப் பொத்தான். பக்கம் முழுதாகத் திறக்கும்போது சேலை அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்.

தோற்றவர்களை மறந்துவிடக் கூடாது. ஏலம் கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்தச் சீட்டு போயிருக்கிறது. வாங்காவிட்டாலும் படித்துவிட்டார்கள். அயர்லாந்தின் குடிமை உரிமைகள் கவுன்சில் 2022இல் கணக்கிட்டுச் சொன்னது: ஓர் அமெரிக்கரின் இணைய நடமாட்டமும் இருப்பிடமும் இப்படி ஒரு நாளைக்கு 747 முறை வெளியே போகின்றன, ஐரோப்பியருக்கு 376 முறை. 2024 டிசம்பரில் மொபைல்வாலா என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தபோது சொன்ன குற்றச்சாட்டும் இதுவே. ஏலத்துக்கு வந்து, தோற்று, சீட்டில் இருந்த தகவலை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டது என்பது. விளம்பரம் எரிச்சல், சரி. எரிச்சலை விடப் பெரிய பிரச்சினை, நம் கண்ணில் விளம்பரமே காட்டாதவர்கள்.

அமேசான் செய்த காரியம்

இதெல்லாம் தொடங்கியது 1994இல். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டூலி, ஒரு தளத்துக்கு மறுபடி வருபவரை அடையாளம் காண 'குக்கி' என்ற சிறு குறிப்பைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நீள்சதுர விளம்பரம் வந்தது. இரண்டும் அப்போது வெவ்வேறு சமாச்சாரங்கள். சீக்கிரமே கைகோத்துக்கொண்டன.

ஆனாலும், ஆளுக்கு ஏற்ற சரக்கைக் காட்டுவது என்பதைத் தொழிலாக்கியது விளம்பரக்காரர்கள் இல்லை, அமேசான். அங்கே இருந்த கிரெக் லிண்டன் என்ற பொறியாளர், பணம் கட்டப் போகும் இடத்தில் கூடையில் உள்ளதைப் பார்த்து இன்னும் சில பொருள்களைக் காட்டலாம் என்று ஒரு மாதிரி செய்து காட்டினார். பணம் கட்ட வந்தவனின் கவனம் சிதறிவிடும் என்று மார்க்கெட்டிங் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் தடுத்தார். இதற்கு மேல் கை வைக்காதே என்றார்கள். லிண்டன் கேட்கவில்லை, சோதனை ஓட்டினார். விற்பனை எகிறியது. பிற்பாடு அவரே எழுதிய கதை இது. சூப்பர் மார்க்கெட்டில் கல்லா அருகே சாக்லேட் வைப்பவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஆளுக்கு ஏற்ப சாக்லேட் மாறும் என்பது ஒன்றே புதுசு.

எப்படிச் செய்தார்கள் என்பதை லிண்டனும் பிரென்ட் ஸ்மித், ஜெரெமி யார்க் ஆகியோரும் சேர்ந்து 2003இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அப்போது அமேசானுக்கு 2.9 கோடிக்கும் மேல் வாடிக்கையாளர்கள். உங்களைப் போன்ற இன்னொருவரை அந்தக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, அவர் வாங்கியதை உங்களுக்குக் காட்டுவது அதுவரை இருந்த வழி. அத்தனை பேரை அந்த நொடியில் ஒப்பிட முடியாது. அமேசான் ஆளை ஒப்பிடுவதையே விட்டுவிட்டது. பொருளைப் பொருளோடு ஒப்பிட்டது. எந்தப் புத்தகத்தோடு எந்தப் புத்தகம் சேர்ந்து விற்கிறது என்ற அட்டவணையை முன்கூட்டியே போட்டு வைத்தது. நீங்கள் உள்ளே வந்து ஒன்றைத் தொட்டதும் அட்டவணையைப் பார்த்தால் போதும்.

கவனியுங்கள், உங்களைத் தெரிந்துகொண்டு செய்த வேலை இல்லை இது. உங்கள் விரல் இப்போது எதன் மேல் இருக்கிறது என்பதே அதன் மூலதனம். ஆளின் ஜாதகம் தேவைப்படவில்லை. இந்தத் தொழிலின் மிகப் பெரிய வெற்றி, ஆளை ஆராய்வதைக் கைவிட்டதால் கிடைத்தது.

சேலை துரத்தினால் சேலை விற்குமா?

நம் ஆசிரியைக்கு வருவோம். அந்த மெரூன் சுங்குடி ஒரு வாரம் அவரைத் துரத்துகிறது. அவர் வாங்குவாரா?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. லண்டன் பிசினஸ் ஸ்கூலின் அஞ்சா லாம்பிரெக்ட், எம்ஐடியின் கேத்தரின் டக்கர் இருவரும் ஒரு பயணத் தளத்தை வைத்துக் களச் சோதனை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தளத்துக்கு வந்து போனவர்களில் ஒரு பகுதிக்கு அவர்கள் பார்த்த அதே ஹோட்டலின் விளம்பரம். இன்னொரு பகுதிக்கு அந்த நிறுவனத்தின் பொதுவான விளம்பரம். எது ஜெயித்தது? சராசரியாகப் பார்த்தால் பொதுவான விளம்பரம்தான். பார்த்த பொருளையே திரும்பக் காட்டியது பின்தங்கியது. விதிவிலக்கு ஒன்று இருந்தது: விமர்சனத் தளங்களில் மேய ஆரம்பித்தவர்களிடம், அதாவது எது வேண்டும் என்று ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டவர்களிடம், அதே ஹோட்டலைக் காட்டியது வேலை செய்தது.

இன்னும் மனசு தீர்மானம் ஆகாதவரிடம் குறிப்பிட்ட ஒரு பொருளை நீட்டினால் எடுபடாது. தீர்மானமானவரிடம் நீட்டினால் எடுபடும். ஜவுளிக் கடையில் பத்து வருஷம் நின்ற எந்தச் சேல்ஸ்மேனும் இதைச் சொல்லிவிடுவார். கட்டம் கட்டமாக விளம்பரம் வாங்கிக் கொட்டுகிறவர்களுக்குத்தான் இது புரிய வெகு நாளாயிற்று. ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற மயக்கத்தில் நேரத்தைக் கோட்டை விட்டார்கள்.

ஈபே நிறுவனத்துக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. கூகுள் போன்ற தேடுதளங்களில் 'ஈபே' என்று தேடுபவர்களுக்கே ஈபே விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. 2012இல் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் அதை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கீழே இருந்த சாதாரண இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்தார்கள். எப்படியும் வரப்போகிறவருக்கு வண்டிச் சத்தம் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள்! தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் தடேலிஸ் எழுதிய இந்த ஆய்வு 2015இல் வெளியானது. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் விளம்பரத்துக்குப் பலனே இல்லை. புதியவர்களிடம் மட்டும் கொஞ்சம் இருந்தது. எவரைப் பற்றி நிறையத் தெரியுமோ அவரிடம் விளம்பரம் வீண் என்று இதற்கு அர்த்தம்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு, மறைக்க வேண்டாம். 2017இல் சாண்ட்ரா மாட்ஸ் தலைமையிலான குழு ஃபேஸ்புக்கில் 35 லட்சம் பேரை எட்டிய சோதனைகளில், ஆளின் குணத்துக்கு ஏற்றபடி விளம்பரத்தின் தொனியை மாற்றினால் விற்பனை 50 சதவீதம் வரை கூடுகிறது என்று காட்டியது. கூச்சக்காரருக்கு ஒரு மாதிரி, கலகலப்பானவருக்கு ஒரு மாதிரி. யார் எந்த விளம்பரத்தைப் பார்க்கிறார் என்பதை ஃபேஸ்புக்கின் இயந்திரமே தீர்மானிக்கும்போது இந்த வகைச் சோதனைகளில் ஒப்பீடு சரியாக நிற்காது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நான் மறுத்தவர்கள் பக்கம்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட மிக்ஸிக்கு மறுபடி மறுபடி விளம்பரம் வருகிறதே, அதற்கும் காரணம் எளியது. வாங்கி முடித்தவரைத் துரத்தாதே என்று சொல்ல 'பர்ன் பிக்சல்' என்ற ஒரு துண்டுக் குறியீடு உண்டு. பணம் கட்டிய பக்கத்தில் அதை வைக்க வேண்டும். வைக்க மறந்திருப்பார்கள். அல்லது நீங்கள் போனில் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் கணினியிலோ தெருமுனைக் கடையிலோ வாங்கியிருப்பீர்கள். அந்த மகா புத்திசாலி இயந்திரத்துக்கு உங்கள் வீட்டில் மிக்ஸி ஓடுவது தெரியாது.

'வணக்கம் கே!'

தமிழர்களுக்கு இந்த இயந்திரத்தின் அறிவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. இன்பாக்ஸைத் திறந்தால் போதும்.

உலகில் எல்லோருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு இருக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்ட மென்பொருள்கள் இவை. கே. முருகேசன் என்று பதிந்தால் முதற்பெயர் 'கே' என்று எடுத்துக்கொள்ளும். 'ஹாய் கே, உங்களுக்காகவே ஒரு சலுகை!' என்று அன்பு பொழியும். அப்பா பெயரை முழுதாகப் போட்டவர்களுக்கு இன்னும் விசேஷம். மகள் கேட்டு வாங்கிய கொலுசுக்கு, காலமான அப்பாவின் பெயரில் நன்றி வரும். 'உங்களுக்காகவே' என்ற சொல் இதைவிட மலிவாகப் போனதில்லை.

தமிழிலேயே அனுப்பலாம் என்று இறங்கினால் இலக்கணம் காலை வாரிவிடுகிறது. நம் ஊரில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, வாசகத்தை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும். மாறக்கூடிய இடங்களில் மட்டும் காலி விடலாம். அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்வது பெயர். ஆங்கிலத்தில் பெயர் அப்படியே உட்கார்ந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும். மாலா மாலாவுக்கு ஆக வேண்டும், செல்வி செல்விக்கு, முருகேசன் முருகேசனுக்கு, செல்வம் செல்வத்துக்கு. இயந்திரம் 'செல்வம் க்கு' என்று இடைவெளி விட்டு நிற்கிறது. விவரம் தெரிந்த தமிழ்க் காப்பிரைட்டர்கள் பெயரை எப்போதும் விளியாக முன்னால் நிறுத்தி, ஒரு காற்புள்ளி போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அப்புறம் நீயா, நீங்களா என்ற கேள்வி. பதினெட்டு வயதுப் பையனுக்கு எழுதிய 'மச்சி, பசிக்குதா?' அறுபது வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் போய்ச் சேர்கிறது. செக்மென்ட்டில் வயது இல்லை, நேற்று பிரியாணி வாங்கியது மட்டும் இருந்தது.

அந்த மச்சி செய்தி இரவு 9 மணிக்கு, மழை தூறும்போது வந்தால் தலைமையாசிரியரும் ஆர்டர் போட்டுவிடக்கூடும் என்பதுதான் வேடிக்கை. நேரம் சரி, ஆள் தப்பு. விற்பனை நடந்துவிடும்.

ஒரே பந்து, வேறு வேறு விளம்பரம்

2023 நவம்பர் 19, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஓவர் முடிந்ததும் விளம்பரம். டிவியில் ஒரு சேனலைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே விளம்பரம். இணைய நேரலையில் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒளிபரப்பு ஓடையின் உள்ளேயே, சர்வரில் வைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு விளம்பரத்தைச் செருகும் நுட்பம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் பைக், உங்கள் வீட்டில் சோப்புத் தூள். கோடிக்கணக்கானவர்கள் ஒரே கணத்தில் திரும்பும்போது ஆள் ஆளாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஆகாது. ஊர், மொழி, போன் வகை என்று கூட்டம் கூட்டமாகப் பிரிப்பதுதான் வழி. ஆளுக்கொன்று என்று நாம் பேசுவது பல இடங்களில் கும்பலுக்கொன்றுதான்.

நெட்ஃபிளிக்ஸின் கதை இன்னும் சுவாரசியம். 2006இல் தன் பரிந்துரை முறையை 10 சதவீதம் துல்லியமாக்குபவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. 2009இல் ஒரு கூட்டணி ஜெயித்துப் பரிசும் வாங்கியது. ஜெயித்த முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. அதைப் புகுத்தும் செலவுக்குப் பலன் போதாது என்று விட்டுவிட்டது. அதற்குப் பதில் பின்னாளில் வேறொன்றைச் செய்தது: படத்தை மாற்றாமல் படத்தின் போஸ்டரை ஆளுக்கு ஆள் மாற்றியது. 'குட் வில் ஹன்டிங்' படத்துக்குக் காதல் படம் பார்ப்பவருக்கு மேட் டாமனும் மின்னி டிரைவரும். நகைச்சுவை பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸ். 2017இல் நிறுவனமே பெருமையாக விளக்கி எழுதியது. அடுத்த ஆண்டே, சில நிமிடம் வந்து போகும் கறுப்பின நடிகரைப் பெரிதாகப் போட்டுத் தங்களை ஏமாற்றுவதாகக் கறுப்பினப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். யாருடைய இனத்தையும் நாங்கள் கேட்பதில்லை, பார்த்த படங்களை வைத்தே கணிக்கிறோம் என்றது நெட்ஃபிளிக்ஸ். உண்மையாகவே இருக்கலாம். கேட்காமலே அங்கே போய் நிற்கிறது என்பதுதானே புகார்.

காயப்படுத்தும் கணக்கு

டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத்தொடர், 25 பொருள்களின் கொள்முதலை வைத்து ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்று மதிப்பெண் போட்டதை 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சார்லஸ் டுஹிக் எழுதினார். மகளுக்கு வந்த குழந்தைச் சாமான் கூப்பனைப் பார்த்துத் தந்தை சண்டைக்குப் போனார், பிறகு உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்டார் என்ற கதையை எல்லா மேனேஜ்மென்ட் வகுப்பிலும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் வேறோர் இடம்தான் உறுத்தியது. பெண்கள் மிரள்கிறார்கள் என்று தெரிந்ததும் டார்கெட் கண்காணிப்பை நிறுத்தவில்லை. டயப்பர் கூப்பனுக்குப் பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் கூப்பனை வைத்தது. தற்செயலாக வந்தது போல் இருக்கட்டுமே என்று.

2018 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டைச் சேர்ந்த கில்லியன் புரோக்கெல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் போனைத் திறந்தால் குழந்தை விளம்பரங்கள். 'இதைப் பார்க்க விரும்பவில்லை' என்று தட்டினார். காரணம் கேட்டது, 'பொருத்தமில்லை' என்று சொன்னார். உடனே இயந்திரம் என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? கர்ப்பம் முடிந்துவிட்டது, ஆகவே குழந்தை பிறந்துவிட்டது. தாய்ப்பால் கொடுக்கும் உள்ளாடைகளைக் காட்டத் தொடங்கியது. நான் கர்ப்பமானதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்குக் குழந்தை இல்லாமல் போனதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்பது அவர் கேள்வி.

தெரியாது. நடந்தது தெரியும், நடந்ததன் பொருள் தெரியாது. நிகழ்நேரம் என்பதன் வேகமே இங்கே எதிரியாகிறது. ஒரு வாரம் கழித்து ஒரு மனிதர் பட்டியலைப் பார்த்து அனுப்பியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். பத்தில் ஒரு நொடிக்குள் சந்தேகப்பட இடமில்லை.

விளம்பரம் போகட்டும், விலை?

ஆளுக்கு ஒரு விளம்பரம் காட்டத் தெரிந்த அதே இயந்திரத்துக்கு ஆளுக்கு ஒரு விலை காட்டவும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

2000 செப்டம்பரில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு பேருக்கு வெவ்வேறு விலையில் விற்றது பிடிபட்டது. யார் எவர் என்று பார்க்காமல் குருட்டாம்போக்கில் செய்த விலைச் சோதனை என்று விளக்கம் சொன்ன நிறுவனம், 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது. 2012இல் ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம், மேக் கணினியில் வருகிறவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியதை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிப்படுத்தியது. நம் நாட்டில் 2025 ஜனவரியில், ஐபோனில் ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டில் ஒரு கட்டணம் என்ற புகாரின் பேரில் ஓலா, ஊபர் இரண்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. போலி அவசரம் காட்டுவது, கூடையில் திருட்டுத்தனமாகப் பொருள் சேர்ப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களை இதே ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. 'இன்னும் 2 மட்டுமே' என்று சொன்னால் கடையில் உண்மையிலேயே இரண்டுதான் இருக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும். கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் வழி வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை. நல்ல சட்டம்தான். ஆனால், ஆளைப் பார்த்து விலை போடுவதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நியூயார்க் மாகாணம் 2025இல் கொண்டுவந்த சட்டத்தில் அந்த வரி இருக்கிறது: வாடிக்கையாளரின் சொந்தத் தகவலைக் கொண்டு இயந்திரம் போட்ட விலை என்றால், விலைக்குப் பக்கத்திலேயே அதை எழுதிக் காட்ட வேண்டும்.

நிறுவனங்கள் தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பின்தொடர ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்கியது; அதனால் 2022இல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. மற்ற தளங்களின் குக்கிகளை ஒழிக்கிறோம் என்று 2020இல் வாக்குக் கொடுத்த கூகுள், தள்ளிப் போட்டுப் போட்டு, 2024இல் முடியாது என்று கையை விரித்தது. கேட்டால் மக்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே கேட்காமல் இருப்பதே வியாபாரம்.

சட்டம் முழுதாக வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குப் போய், கூகுள் பகுதியில் விளம்பரங்கள் என்பதைத் திறந்து, விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள்; ஏலச் சீட்டில் உங்களைக் காட்டிக்கொடுப்பதில் முதல் ஆள் அதுதான். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் பின்தொடர்தலை அணைத்துவிடலாம். விளம்பரக் குறுஞ்செய்தி வேண்டாம் என்றால் 1909 எண்ணில் பதிவு செய்யுங்கள். முக்கியமாக, பெரிய தொகைக்கு எதை வாங்கும் முன்பும், அது விமான டிக்கெட்டாக இருந்தாலும் சரி, வாடகை வண்டியாக இருந்தாலும் சரி, வீட்டில் இருக்கும் இன்னொருவரின் போனிலும் ஒரு தடவை விலையைப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு திரைகளையும் படம் பிடித்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுங்கள்.